கள்ளனைப் பிடிக்கலாம், கட்டி வைக்கலாமா?

நானு ஓயா பக்கம் குத்தகைக் காணியில் லீக்ஸும் கரட்டும் போடும் ஒருவர் கேட்ட கேள்வி இது. இரவுக் காவலில் இருந்தபோது ஒரு பையன் தண்ணீர் மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடப்பதைக் கண்டிருக்கிறார். சத்தம் போட்டதும் பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ஆட்கள் ஓடிவந்தார்கள். பையனைப் பிடித்து லைட் கம்பத்தில் கட்டினார்கள், நாலு தட்டுத் தட்டினார்கள், ஒருவர் அதை வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போட்டார். விடிந்த பிறகுதான் பொலிஸுக்குச் சொன்னார்கள். இப்போது பொலிஸ், பிடித்தவர்களையும் வாக்குமூலம் கொடுக்க வரச்சொல்கிறது. "கள்ளனைப் பிடித்தது குற்றமா? பொலிஸ் மட்டும்தான் ஆளைப் பிடிக்கலாமா?"

பிடித்தது குற்றமில்லை. அதற்கு அப்புறம் நடந்ததில்தான் சிக்கல்.

இலங்கையில் சாதாரண ஆள் ஒருவர் இன்னொருவரைக் கைது செய்ய முடியும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும். ஒன்று, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய தவறு ஒன்றை ஒருவர் உங்கள் முன்னிலையில் செய்யும்போது. இரண்டு, அவர் குற்றவாளி என்று சட்டப்படி பிரகடனம் செய்யப்பட்டவராக இருக்கும்போது. மூன்று, அவர் ஓடிக்கொண்டிருக்கிறார், அப்படிப்பட்ட தவறு ஒன்றைச் செய்திருப்பார் என்று நீங்கள் சந்தேகப்பட நியாயமான காரணமும் இருக்கிறது என்னும்போது. இரண்டாவது நமக்கு அனேகமாக வராது. "இவரைக் கண்டால் அறியத் தாருங்கள்" என்று யாரோ போனில் அனுப்பிய படம் பிரகடனம் ஆகாது.

முதலாவதில் "முன்னிலையில்" என்பதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதில்லை. மோட்டார் காணியை விட்டுப் போவதை நீங்களே கண்ணால் கண்டீர்கள். களவு, தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவின் கீழ் தண்டிக்கப்படும் தவறு. பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். ஆகவே உங்கள் கை அவர் தோளில் விழுந்த அந்த நிமிடம் சட்டப்படி சரி. சத்தம் கேட்டு ஓடிவந்த லயத்து ஆட்கள் களவைக் காணவில்லை. ஆனால் இரவு நேரம், ஒருவர் "கள்ளன், கள்ளன்" என்று கத்துகிறார், இன்னொருவர் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடுகிறார். அவர்களுக்கு மூன்றாவது சந்தர்ப்பம் போதும்.

இதே கதையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். காலையில் எழுந்து பார்த்தால் மோட்டார் இல்லை. "அந்த லயத்துப் பையன்தான், போன மாதமும் அவன்தான்" என்று நாலு பேர் கிளம்பி, லயத்தில் அவன் இருக்கும் காம்பராவுக்கு (அறைக்கு) போய், பாயில் கிடந்தவனை இழுத்து வருகிறார்கள். அவனே உண்மையான கள்ளனாக இருந்தாலும் இது சட்டப்படியான கைது இல்லை. களவு உங்கள் முன்னிலையில் நடக்கவில்லை, அவன் ஓடவும் இல்லை. இந்த இடத்தில் உங்களுக்கு இருப்பது முறைப்பாடு கொடுக்கும் உரிமை மட்டும். நியாயமான சந்தேகத்தின் பேரில் வீட்டுக்குப் போய் ஆளைக் கூட்டிவரும் அதிகாரம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவின் கீழ் பொலிஸுக்குத்தான் உண்டு. அதைக்கூட நீதிமன்றம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்க்கும். 1951இல் முத்துசாமி எதிர் கன்னங்கரா வழக்கில் நீதியரசர் கிரேஷன், பிடியாணை இல்லாமல் பொலிஸ் செய்யும் கைதுகளையும் வீட்டுச் சோதனைகளையும் நீதிமன்றங்கள் மிகக் கவனமாக ஆராய வேண்டும் என்று சொன்னார். பொலிஸுக்கே அந்த அளவுகோல் என்றால், அரைத்தூக்கத்தில் டோர்ச் லைட்டோடு கிளம்பிய நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தவறுக்கும் ஆளைப் பிடிக்க முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் முதலாம் அட்டவணையில் ஒவ்வொரு தவறுக்கும் நேரே பிடியாணை வேண்டுமா வேண்டாமா என்று போட்டிருக்கிறது. களவு, கொள்ளை, வீடுடைப்பு, கொலை, கடுங்காயம் எல்லாம் பிடியாணை வேண்டாத பக்கம். சாதாரண காயம், அதாவது கோயில் திருவிழாவில் ஒருவர் மற்றவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார் என்கிற வகை, பிடியாணை வேண்டிய பக்கம். வாய்ச்சண்டைக்கும் ஏச்சுப் பேச்சுக்கும் ஆளைப் பிடித்து வைக்கக் கிளம்பாதீர்கள்.

கடனுக்கு அறவே முடியாது. சீட்டுப் பிடித்த அக்கா காசைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார், ஊரை விட்டுப் போகப் போகிறார் என்று கதை வந்ததும் பத்துப் பெண்கள் அவர் காம்பராவைச் சுற்றி நின்று வெளியே பூட்டுப் போட்ட சம்பவங்கள் நம் தோட்டங்களில் புதிதில்லை. அவர்கள் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. தீபாவளிக்குக் கையில் வரும் முற்பணத்தையும் சேர்த்துப் போட்ட காசு அது. ஆனாலும் அந்தப் பூட்டு, சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் என்ற தனிக்குற்றம். ஓராண்டு வரை சிறை போகலாம். சீட்டில் மோசடி இருந்தால் சீட்டுக் கொப்பியையும் கையெழுத்துப் போட்ட துண்டுகளையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போக வேண்டும். வெறும் கடன் என்றால் குடியியல் வழக்கு அல்லது மத்தியஸ்த சபை.

கடனுக்காக ஆளை மறிப்பது மலையகத்தில் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போடலாம். ஆட்களைத் திரட்டி வேலை வாங்கிய கங்காணிக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். சட்டம் போய் நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆளை ஆபீசில் உட்கார வைத்தால் காரியம் நடக்கும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

சரி, தோட்ட வாட்ச்சர் விஷயத்துக்கு வருவோம். வாட்ச்சருக்கும், பெக்டரி கேட்டில் நிற்கும் செக்கியூரிட்டிக்கும், ஏன் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கும்கூட, கைது செய்வதில் உங்களையும் என்னையும் விட ஓர் அங்குலம் கூடுதல் அதிகாரம் கிடையாது. யூனிபோர்ம் போட்டதால் யாரும் பொலிஸ் ஆகிவிட மாட்டார்கள். மலையில் கொழுந்தைச் சாக்கில் கட்டி வெளியாருக்கு விற்கப் போகிறவரை வாட்ச்சர் நேரில் கண்டால் பிடிக்கலாம். பிடித்து என்ன செய்கிறார்கள்? ஆபீஸ் வாசலில் உட்கார வைக்கிறார்கள். துரை டவுனுக்குப் போயிருக்கிறார். கணக்கப்பிள்ளை வருகிறார், பிறகு தோட்டத் தலைவர் வருகிறார். "மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பொலிஸுக்குப் போக மாட்டோம்" என்று பேச்சு நடக்கிறது. இருட்டுகிறது. காலை பத்து மணிக்குப் பிடிபட்டவர் இரவு ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகிறார், அல்லது பொலிஸுக்குப் போகிறார். அந்த ஒன்பது மணித்தியாலத்துக்கு 35ஆம் பிரிவில் எந்த இடமும் இல்லை. தோட்ட நிர்வாகத்துக்கு உள்ளக விசாரணை நடத்த உரிமை இருக்கலாம். அதற்காக ஆளைப் போகவிடாமல் வைத்திருக்க முடியாது. கதவில் பூட்டே இல்லை, அவராகத்தான் உட்கார்ந்திருந்தார் என்று பின்னால் சொல்வார்கள். முறைப்படி கைது செய்யவில்லை என்று காட்டிக்கொண்டு ஒருவரை நடைமுறையில் தடுத்து வைத்திருந்தால் அதுவும் கைதுதான் என்று 23ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது.

தனியாள் கைது செய்யும் அதிகாரம், சுருங்கச் சொன்னால், ஒப்படைக்கும் அதிகாரம்தான். பிடித்தவரை "தேவையற்ற தாமதமின்றி" பக்கத்திலுள்ள சமாதான அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். விசாரிக்கவும், உண்மையை வரவழைக்கவும், பாடம் படிப்பிக்கவும் உங்களுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. இருபத்துநாலு மணித்தியாலம் வைத்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கணக்கு பொலிஸ் ஒருவரை நீதவான் முன் கொண்டுபோவதற்கு 37ஆம் பிரிவு போட்ட உச்ச எல்லை. உங்களுக்கு அது பொருந்தாது.

எவ்வளவு நேரம் தேவையற்ற தாமதம் என்று சட்டம் மணிக்கணக்குச் சொல்லவில்லை. நம் பக்கம் இது முக்கியம். மழைக்கு மண்சரிந்து பாதை அடைத்திருக்கலாம், மேல் பிரிவில் சிக்னல் இல்லாமல் இருக்கலாம், பொலிஸ் ஜீப் வேறு பக்கம் போயிருக்கலாம். காரணம் இருக்கும் தாமதத்தை நீதிமன்றம் ஏற்கும். ஆனால் காரணம் உங்களிடம் இருக்க வேண்டும். பிடித்த கையோடு 119க்கு எடுங்கள். கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்ப எடுங்கள். போனில் அழைப்பு நேரம் பதிவாகி இருக்கும், அதை அழிக்காதீர்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்பது களவைப் பற்றியே இல்லை. "எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள்?" "ஒரு மணி இருக்கும் ஐயா." "பொலிஸுக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள்?" "ஆறரைக்கு." "உங்கள் கையில் போன் இருந்ததா?" "இருந்தது." "அதில்தானே வீடியோ எடுத்தீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் இதுவரை நல்ல பதில் ஒன்றைக் கேட்டதில்லை.

யாரிடம் ஒப்படைப்பது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஜே.பி. முத்திரை வைத்திருக்கும் சமாதான நீதவானிடம் கொடுத்தால் போதும் என்று பல தோட்டங்களில் நினைக்கிறார்கள். போதாது, அவர் சத்தியக்கடதாசி அத்தாட்சிப்படுத்துகிறவர். இந்தச் சட்டத்தில் சமாதான அலுவலர் என்றால் பொலிஸ் உத்தியோகத்தரும், பொலிஸ் கடமைக்கென்று எழுத்தில் நியமிக்கப்பட்ட கிராம சேவகரும்தான். தோட்டத் தலைவரையும் கோயில் தர்மகர்த்தாவையும் சாட்சிக்குக் கூப்பிடுங்கள், ஒப்படைக்கப் பொலிஸைக் கூப்பிடுங்கள்.

இனி, கட்டி வைத்த விஷயம். ஆளைத் தொட்டு அல்லது மறித்துத்தான் கைது செய்ய வேண்டும், என்ன குற்றத்துக்காகப் பிடிக்கிறோம் என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும். "மோட்டாரைக் களவெடுத்ததற்காகப் பிடித்திருக்கிறோம், பொலிஸுக்குச் சொல்லியாச்சு" என்று ஒரு வரி போதும். தூஷணத்தோடு சொல்வதும் கணக்கில் சேரும் என்றாலும் தேவையில்லை. அவர் பலவந்தமாக எதிர்த்தால் பிடிப்பதற்கு வேண்டிய அளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்று 23ஆம் பிரிவே சொல்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமை எக்காரணம் கொண்டும் இல்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறது. அப்புறம் 28ஆம் பிரிவு: தப்பிப் போகாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்பாடு கூடாது.

இதை அந்த இரவுக்குப் பொருத்திப் பாருங்கள். பையன் திமிறுகிறான், நீங்கள் தனியாள், இருட்டு; சாக்குக் கயிற்றால் கையைக் கட்டினீர்கள். இது நியாயம் என்று வாதாடலாம். ஆனால் எட்டுப் பேர் வந்து சுற்றி நின்ற பிறகும் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி, சட்டையைக் கழற்றி, நானு ஓயாக் குளிரில் விடியும்வரை விட்டது தப்பாமல் இருக்கவா? எட்டுப் பேரைத் தாண்டி அவன் எங்கே தப்புவது? பொலிஸ் அவனைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டியிருக்கும். மணிக்கட்டைச் சுற்றிய கயிற்றுத் தடம் எத்தனை அங்குலம், முதுகில் கண்டல் எங்கே எங்கே என்று அவர் வரைந்து எழுதியிருப்பார். அந்த அறிக்கை உங்கள் கோப்பில் இருக்கும். மொட்டை அடிப்பது, களவெடுத்த கோவாவை (முட்டைக்கோஸை) கழுத்தில் மாலையாகப் போட்டு ஊர்வலம் விடுவது, முழங்காலில் நிறுத்துவது எல்லாமே இதில் சேர்த்திதான்.

உண்மையைச் சொல்ல வைக்க அடித்தால் அது இன்னும் மோசம். வாக்குமூலம் பெறுவதற்காகக் காயம் விளைவிப்பது சாதாரண காயத்தைவிடப் பல மடங்கு தண்டனைக்குரிய தனிக்குற்றம். அப்படி வாங்கின வாக்குமூலத்தால் பிரயோசனமும் இல்லை. பயமுறுத்தி வாங்கிய வாக்குமூலத்தை 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்பதில்லை. அடி வாங்கினபின் "நான்தான் எடுத்தேன்" என்று வீடியோவில் சொல்வது அவனுக்கு எதிராக நிற்பதைவிட உங்களுக்கு எதிராக நன்றாக நிற்கும்.

கூட்டமாக நின்றவர்களுக்கும் ஒன்று. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து அடித்தால் அது சட்டவிரோதக் கூட்டம். அதில் ஒருவன் போட்ட அடியில் ஏதாவது ஆகிவிட்டால், தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவின் கீழ் அந்த நோக்கத்தில் பங்குபற்றிய எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். "நான் டோர்ச் மட்டும்தான் பிடித்தேன்" என்பது எப்போதும் தப்பிக்கும் வழி ஆகாது. சும்மா வேடிக்கை பார்த்தவர் குற்றவாளி இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேடிக்கை பார்த்தவர் யார், உற்சாகம் கொடுத்தவர் யார் என்பதை அந்த வீடியோவின் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

சோதனை போடுவது உங்கள் வேலை இல்லை. கத்தி, கம்பி மாதிரி ஆயுதம் இருந்தால் பறித்து வைத்துப் பொலிஸிடம் கொடுக்க நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 31ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பொக்கற்றை, பையை, போனைக் கிளறுவது அவரைப் பொறுப்பேற்கும் சமாதான அலுவலரின் வேலை. பெண் என்றால் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியமாக. விறகுக்கட்டோடு வந்த பெண்ணின் இடுப்பில் சுற்றிய படங்கை வாட்ச்சர் அவிழ்த்துப் பார்த்தார் என்று முறைப்பாடு போனால் விறகை எல்லோரும் மறந்துவிடுவார்கள். களவுபோன பொருளை அது கிடந்த நிலையிலேயே விட்டுப் பொலிஸிடம் காட்டுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும். பேரிக்காய்க் காலத்தில் வேலி தாண்டி வந்த பத்து வயதுப் பையனைப் பிடித்துக் கட்டினால் சட்டத்தில் நீங்கள் நிற்க இடமே இல்லை. தண்டனைச் சட்டக்கோவைக்கு 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை செய்வது எதுவும் தவறே ஆகாது. முன்பு அந்த எல்லை எட்டு வயதாக இருந்தது. தாய் தகப்பனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

காவலுக்குப் பதிலாகக் கம்பியில் கரண்ட் விடுகிறவர்களுக்கும் கட்டுத்துவக்கு (மிதித்தால் வெடிக்கும் பொறித் துப்பாக்கி) வைப்பவர்களுக்கும் இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பன்றிக்கு என்று சொல்லி வைத்தாலும், மிதிப்பது மனிதன் என்றால் தற்காப்பு என்று வாதாட முடியாது. தண்டனைச் சட்டக்கோவை தரும் தற்காப்பு உரிமை உடலையும் உடைமையையும் காக்க உதவும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தராது. ஒரு மோட்டாருக்கோ நாலு மூட்டை கரட்டுக்கோ உயிரை எடுக்கும் உரிமை அதில் இல்லை.

பிழையாக ஆளைப் பிடித்துவிட்டால் என்ன? நல்லெண்ணத்தோடு, கண்டதை வைத்துப் பிடித்திருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 72ஆம் பிரிவு காப்பாற்றும். கொலை போலத் தெரிவதைக் கண்டு ஒருவர் மற்றவரைப் பிடித்து அதிகாரிகளிடம் கொண்டுபோகிறார். பிறகு பார்த்தால் அது தற்காப்பு. பிடித்தவர் குற்றவாளி இல்லை என்று அந்தப் பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது. ஆனால் நல்லெண்ணம் என்றால் தக்க கவனத்தோடு நடந்திருக்க வேண்டும். ஊருக்குப் புதியவர், இரவில் நடந்தார் என்பது மட்டும் கவனம் ஆகாது. ஒப்படைத்த பிறகு பொலிஸ் ஆளை விட்டுவிட்டது என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. தவறு செய்ததாக நம்பக் காரணம் இல்லாவிட்டால் உடனே விடுவிக்க வேண்டும் என்று நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவே சொல்கிறது. எப்போதும் காசு வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பொலிஸ் கூப்பிட்டால் போங்கள். போவதற்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதினால் தமிழில் விளங்கப்படுத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள். மோட்டாரைக் கண்ட நேரம், பிடித்த நேரம், போன் எடுத்த நேரம் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே கதையைப் பாடமாக்கிக்கொண்டு போகாதீர்கள், பொலிஸ் தனித்தனியாகத்தான் கேட்கும். வீடியோவை இப்போது அழித்தால் அது வேறு கேள்வியைக் கிளப்பும். பையன் வீட்டுக்குப் போய் "கேஸை வாபஸ் வாங்கு" என்று பேசவும் வேண்டாம். காயத்துக்கான முறைப்பாடு மத்தியஸ்த சபைக்குப் போகும் வகையாக இருந்தால் சமாதானம் பேச அங்கே முறையான இடம் இருக்கிறது.

அவன் அடி வாங்கினான் என்பதற்காகக் களவு வழக்கு செத்துப்போகாது. அது தனி, உங்கள் மீதான முறைப்பாடு தனி. களவு வழக்கில் நீங்கள்தான் கண்கண்ட சாட்சி. அழைப்பாணை வந்த தவணைக்குக் கட்டாயம் போக வேண்டும். போகாவிட்டால் உங்களுக்கே பிடியாணை வரும்.